நான்காவது நிறுத்தம்

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் எல்ஆர்டி ரயில் ஏறினால் முதல் நிறுத்தம் பசார் செனி, அடுத்து மஸ்ஜித் ஜாமெக், அப்புறம் டாங் வாங்கி, நான்காவது கம்போங் பாரு. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடப் பயணம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மனிதரின் முகம் மாறுவதை, ஒரு வருடத்துக்கும் மேல், மாதா மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஏறும்போது தொப்பி புருவம் வரை இறங்கியிருக்கும். கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்தே இருப்பார். மஸ்ஜித் ஜாமெக்கில் கதவு திறந்ததும் நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். சேலை எடுக்கப் போகிறவர்கள், தாலிக்கொடி மாற்றப் போகிறவர்கள், பையில் ரவிக்கைத் துணியோடு தையல்காரரைத் தேடிப் போகிறவர்கள், எல்லாருக்கும் மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு அங்கேதான். கதவு மூடும். அவர் தலையை நிமிர்த்துவார். டாங் வாங்கி வரும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். நெற்றியில் அதன் விளிம்பு பதிந்த கோடு சிவப்பாகத் தெரியும். கம்போங் பாருவில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உள்ளூர்த் தமிழ் நாடகங்கள் பார்க்கிறவர்களுக்கு அந்த முகம் தெரியும். பார்க்காதவர்களுக்குப் பெயர் சொன்னாலும் தெரியாது. நான் எழுத நினைப்பதே அந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கோட்டைப் பற்றித்தான். எங்கள் காதல் அந்தக் கோட்டின் மேல்தான் நடந்தது.

மலேசியாவில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. அந்த ஏழு பேருக்குள் அவர் பெரிய ஆள். நம் ஆட்களின் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்தி இறங்கினால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலுக்குப் போவதற்குள் நாலு பேர் நிறுத்துவார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனால் 272 படியில் பாதி ஏறுவதற்குள் தோளில் கை போட்டுப் படம் எடுக்க ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அதே மனிதர் கோலாலம்பூரின் பெரிய பேரங்காடிக்குள் நுழைந்தால், மலாய்க்காரருக்கும் சீனருக்கும் அவர் யாரோ ஒரு கறுத்த ஆள். லிப்ட்டில் நின்றால் தோள் இடிப்பார்கள். ஒரே நகரம், ஒரே நாள், ஒரே சட்டை. இப்படி ஒரு புகழைச் சென்னை நடிகர்கள் அனுபவித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு ஊர் முழுக்க முகம்தான். இவருக்குத் தமிழ் காதில் விழுகிற தூரம் வரைதான்.

அந்த வரிசையில் தன் இடம் எது என்று அவருக்குத் தெரியும். 2018 ஜனவரியில் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் தமிழ்நாட்டு நடிகர் சங்கத்தின் நட்சத்திர விழா நடந்ததே, ரஜினி, கமல் எல்லாம் வந்தார்களே, அதற்கு இவர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "தம்பி, கொஞ்சம் தலையைக் குனிங்க, ரஜினி தெரியல" என்று சொன்னார்களாம். குனிந்துகொண்டாராம். "அந்தம்மா நைட்டு வீட்டுக்குப் போயி என் நாடகத்தைப் பார்த்திருப்பாங்க" என்று சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இருக்காது. எனக்குத்தான் மனசு கேட்காது.

என் ஊர் நிபோங் திபால். பினாங்கு மாநிலம்தான், ஆனால் தீவில் இல்லை. பெருநிலத்தில், தெற்கு ஓரத்தில், கிரியான் ஆற்றங்கரையில். ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பேராக் மாநிலம் வந்துவிடும். இரவில் படகில் போனால் கரையோர மரங்களில் மின்மினிகள் மொய்த்துக்கிடக்கும். சுற்றிலும் செம்பனை. கடைத்தெருவில் எனக்கு ஒரு தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், சுவரில் ஊக்குப் பெட்டிகள். ரவிக்கையும் பாவாடை தாவணியும் தைப்பேன். பக்கத்து வீட்டு மலாய்ச் சித்தி, மக்சிக், பாஜு குரோங் என்கிற மலாய்ப் பெண்கள் உடை வெட்டுவதற்குக் கற்றுக்கொடுத்தார். கழுத்தைச் சுற்றிப் போடுகிற 'துலாங் பெலுட்' தையல் விலாங்கு மீன் முள்ளைப்போல் வரிசையாக விழ வேண்டும். அது எனக்கு வர ஆறு மாதம் பிடித்தது. அதனால் ராயா, நோன்புப் பெருநாள், நெருங்கினால் மலாய்க்காரப் பெண்களும் என்னிடம்தான் வருவார்கள்.

2018 ஜூன் மாதம், ஆட்சி மாறிய அடுத்த மாதம், பக்கத்துத் தோட்டத்தில் நாடகம் எடுக்க ஒரு குழு வந்தது. தொழிலாளர்கள் இருந்த பழைய லயத்து வீடுகள் அங்கே இன்னும் நாலைந்து நின்றன. அதற்காகத்தான் வந்தார்கள். கதை எழுபதுகளில் நடப்பது. உடை பார்க்கிற அக்கா புத்தம்புதுக் காக்கிச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மறுநாள் காலைக்குள் அதைப் பழசாக்கித் தர முடியுமா என்று கேட்டார். டீத் தண்ணீரில் முக்கியெடுக்கலாம், காலரைத் தேய்க்கலாம். ஆனால் நாலைந்து வருடம் உடம்பில் கிடந்த துணியின் தொய்வை ஒரு ராத்திரியில் கொண்டுவர முடியாது. அதை அவரிடம் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே தெரியாமல் உள்ளே போய் அப்பாவின் சட்டையை எடுத்துவந்தேன்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினார். 2014-இல் போய்விட்டார். அந்தச் சட்டையின் இடப்பக்கப் பையில் சாவிக்கொத்தைப் போட்டுப் போட்டு அடித்தையல் விட்டுப்போயிருந்தது. காக்கி நூல் கைக்குக் கிடைக்காமல், நான் தூங்கின பிறகு, நீல நூலில் அவரே தைத்துக்கொண்டார். கோணல் மாணலாக, ஒரு தையல் நெல்மணி அளவு, அடுத்தது அதில் மூன்று மடங்கு. பிரித்து ஒழுங்காகத் தைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அப்பா போய் நாலு வருடமாகியும் அந்தப் பையை நான் தொடவில்லை. அந்த அக்காவிடம், "பையில மட்டும் கை வைக்காதீங்கக்கா" என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட்டில் ஒருநாள் மத்தியானம் கடை வாசலில் கார் வந்து நின்றது. அவரே இறங்கினார். சட்டை துவைத்து, தேய்த்து, பழைய நாளேட்டில் மடித்துச் சுற்றியிருந்தது. ஓடுகிற காட்சியில் ஒரு பட்டன் உடைந்துவிட்டதாம். அதே அளவில், அதே பழுப்பில் பட்டன் தேடிக் கிள்ளானில் ஒரு பழைய கடையில் வாங்கித் தைத்திருக்கிறார். உடைந்த பட்டனின் இரண்டு துண்டையும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி அந்தப் பையிலேயே வைத்திருந்தார்.

"பை உங்கப்பா தச்சதாம்மா?"

"எப்படித் தெரியும் சார்?"

"நீங்க தச்சிருந்தா நேரா இருக்கும்ல."

என் கடையில் தொங்கிய ரவிக்கைகளைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னார். எனக்கு எப்போது அவரைப் பிடித்தது என்று கேட்டால் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன். அதற்கு முன்னால் அவர் நடித்த எதையும் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கு அம்மா டிவி முன்னால் இருக்கும்போது நான் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன்.

அம்மாதான் ரசிகை. அம்மாவின் சின்ன வயதில் லயத்தில் ஒரே ஒரு வீட்டில் டிவி. வாரம் ஒரு தமிழ்ப் படம் போட்டால் வாசல், ஜன்னல் எல்லாம் தலைகள். 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி வந்தது, அதில் வானவில் தமிழ் அலைவரிசை வந்தது. கொஞ்ச நாள் கழித்து எங்கள் வீட்டுக் கூரையிலும் அந்தத் தட்டு ஏறியது. சென்னையிலிருந்து வருகிற தொடர்களை அம்மா பார்ப்பார், ஆனால் உள்ளூர் நாடகம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். காரணம் கேட்டால், "சென்னைக்காரன் அழுதா சினிமா. இவன் அழுதா பக்கத்து வீட்டுப் பையன் அழற மாதிரி இருக்கு" என்பார். அது நூறு சதம் சரி. அவர் நாடகத்தில் பேசுவது நம் தமிழ். சாப்பாட்டைத் தாப்பாவ் செய்துகொண்டு வருகிற தமிழ், லோரி, மண்டோர், பசார் மாலாம் எல்லாம் கலந்த தமிழ். நாம் வீட்டில் பேசுவதை டிவியில் ஒருவர் வெட்கப்படாமல் பேசுகிறார் என்பதற்காகவே அவரை நேசிக்கிற அம்மாக்கள் இந்த நாட்டில் நிறைய.

அந்த நாடகம் 2019 தொடக்கத்தில் ஒளிபரப்பானது. முதல் நாள் நானும் அம்மாவோடு உட்கார்ந்தேன். அவர் லயத்து வாசலில் நின்று சைக்கிளைத் துடைக்கிற காட்சி. அம்மா முன்னால் சாய்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"ஏய், அது உங்கப்பா சட்டைடி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எழுந்துபோய் டிவியின் மேல் கை வைத்தார். அவர் மார்பில், அந்த நீலத் தையல் இருந்த இடத்தில். காட்சி மாறிய பிறகும் கையை எடுக்கவில்லை. அன்று அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலை கோப்பியோடு கடைக்கு வந்து, "அந்தப் பையனுக்குச் சட்டை பொருந்தித்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் நாங்கள் பேசிப் பழகி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை துணி எடுக்க என்று புக்கிட் மெர்தாஜாமில் ஈடிஎஸ் ரயில் ஏறுவேன். கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். "பினாங்கு லிட்டில் இந்தியாவுல கிடைக்காத துணியா?" என்று அம்மா கேட்பார். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் லைனிங் துணி மலிவு என்பேன். அது பொய்யில்லை. நூலும் லேசும் வாங்கி முடித்துவிட்டு கேஎல் சென்ட்ரலுக்கே திரும்பிவருவேன். அவர் அங்கே காத்திருப்பார். மறுபடி அதே ரயில், அதே மஸ்ஜித் ஜாமெக்கைத் தாண்டி, நான்காவது நிறுத்தம்.

கம்போங் பாரு நகர நடுவில் இருக்கிற மலாய்க் குடியிருப்பு. பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலம். இரட்டைக் கோபுரம் தலைக்கு மேலேயே நிற்கும். கீழே மரவீடு, வாழைமரம், கோழி. நாசி லெமாக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவோம். அவர் சம்பலை விரலால் வழித்துச் சாப்பிடுவார். கடைக்கார அக்காவுக்கு அவர் 'அபாங்', அண்ணன்; நான் 'காக்', அக்கா. அவ்வளவுதான். ஒருநாள் அந்த அக்கா அவரிடம் வேலை என்ன என்று கேட்டார். கம்பெனியில் வேலை என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு இடத்துலயாவது சும்மா இருக்கேனே" என்றார்.

அவருக்கு அது ஓய்வு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் கவனிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. அந்தக் கடையில் நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொண்டோம். யாரும் முடிவு செய்து ஆரம்பித்த பழக்கம் இல்லை. தமிழில் பேசினால் எங்கோ ஒரு மூலையில் சாப்பிடுகிற தமிழ்ப் பையன் திரும்பிப் பார்ப்பான். பார்த்தால் முகம் தெரிந்துவிடும். அதனால் முதலில் குரலைத் தாழ்த்தினோம், அப்புறம் மொழியையே மாற்றினோம். என்னைப் பார்க்காமல் ஏங்கியதை அவர் 'ரிண்டு' என்றுதான் சொன்னார். அழகான சொல்தான். அன்றைக்கு ஈடிஎஸ்ஸில் திரும்பும்போது நாலு மணி நேரமும் அதைத் தமிழில் எப்படிச் சொல்வார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்தவள் நான். பிரிவைப் பற்றிப் பாலைத்திணை முழுக்கப் படித்து எழுதியவள். எனக்கு அத்தனை பெரிய சொல் வேண்டாம். 'உன் நெனப்பாவே இருக்கு' என்று நம் தமிழில், டிவியில் யாரோ ஒரு பெண்ணிடம் சொன்ன அதே குரலில், ஒருதரம் சொன்னால் போதும்.

சின்ன ஊர்ப் பெண், பெரிய நடிகர் என்று எழுதப்படுகிற கதைகளை நான் ஒரு காலத்தில் வாரத்துக்கு இரண்டு படித்தேன். அவற்றில் எல்லாம் நடிகர் வந்து பெண்ணை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போவார். நடப்பு வேறு மாதிரி. வெளிச்சம் வருகிற இடத்தில் பெண் நாலடி தள்ளி நிற்க வேண்டும். யாராவது ஓடிவந்து கைப்பேசியை நீட்டுவார்கள். வாங்குகிற கை பக்கத்தில் நிற்கிறவளுடையதுதான். "அக்கா, கொஞ்சம் எடுங்களேன்." எத்தனை குடும்பங்களை அவரோடு சேர்த்துச் சட்டகத்துக்குள் நிறுத்தியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. எல்லாரையும் நன்றாகத்தான் எடுத்துக்கொடுத்தேன். குழந்தை கண் மூடினால் இன்னொன்று எடுப்பேன். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

2019 டிசம்பரில் யாரோ எங்களைப் படம் எடுத்துவிட்டார்கள். கேஎல் சென்ட்ரல் நடைமேடையில், அவர் என் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டுகிற நேரம். சாயங்காலத்துக்குள் அது முகநூலில் சுற்றியது. கடையில் மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பின்னூட்டமாகப் படித்தேன். என் நிறத்தைச் சொன்னார்கள். என் செருப்பைச் சொன்னார்கள். 'எஸ்டேட் முகம்' என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அது மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது, ஏனென்றால் எழுதியவரின் முகமும் என் முகம் மாதிரியே இருந்தது. நம்மில் பெரும்பாலானவர்களின் தாத்தா பாட்டி ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவர்கள்தானே.

அவர் மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது நாள், 'அவர் எங்கள் குடும்ப நண்பர், தயவுசெய்து தவறாகப் பேசாதீர்கள்' என்று எழுதினார். அடுத்த நாடகத்தைத் தயாரிக்கிறவர் அப்படி எழுதச் சொன்னாராம். கதாநாயகனுக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பெண்கள் பார்ப்பது குறையும் என்றாராம். அந்தத் தயாரிப்பாளருக்கு என் அம்மாவைத் தெரியாது. அம்மாவைப் போன்றவர்கள் ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால் பந்தி எப்போது என்று கேட்பவர்கள்.

நான் திட்டவில்லை. அவரைக் கூப்பிட்டு, "குடும்ப நண்பர் இனிமே கேஎல்லுக்கு வர மாட்டாங்க" என்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், சத்தமாக. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. படப்பிடிப்பு எல்லாம் நின்றது. நாடகம் இல்லாத நாளில் கல்யாணங்களில் அறிவிப்பாளராக நின்று சம்பாதித்தவருக்குக் கல்யாணமும் இல்லை என்று ஆனது. ஏப்ரலில் ஒருநாள் கூப்பிட்டார். மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். தலைக்கவசம், முகக்கவசம், யாருக்கும் ஆள் தெரியாது. செந்தூலில் ஒரு அடுக்குமாடி வாசலில் பொட்டலத்தை நீட்டி, "அம்மா, சாப்பாடு" என்றிருக்கிறார். அந்தப் பெரியம்மா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாராம். "தம்பி, உன் குரலு..." என்று மட்டும் சொன்னாராம். இவர் படியில் இறங்கி வந்து மோட்டாரின் மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறார். எதற்கு அழுதீர்கள் என்று கேட்டேன். வெட்கமா?

"வெட்கம் இல்ல. அந்தம்மாவுக்கு என் குரல் தெரியுது. உன்னை நான் நண்பர்னு எழுதினேன்."

அதன் பிறகு நாங்கள் தினமும் பேசினோம். நான் மெஷின் அருகே கைப்பேசியை நிறுத்திவிட்டுத் துணி முகக்கவசம் தைப்பேன். ஊரே என்னிடம்தான் கேட்டது. அவர் அன்றைக்கு எந்தெந்த வீட்டுக்கு என்னென்ன சாப்பாடு போயிற்று என்று சொல்வார். மன்னித்தேனா என்று கேட்டால், ஒரு நாளில் நடந்த விஷயம் இல்லை அது.

ஜூன் மாதம் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதித்தார்கள். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கூட்டமான பொது இடங்களில் முகக்கவசம் கட்டாயம் என்றார்கள். அந்த மாதக் கடைசியில் நான் மறுபடி ஈடிஎஸ் ஏறினேன். கேஎல் சென்ட்ரலில் அவர் எல்ஆர்டி பக்கம் திரும்பவில்லை. நேரே வெளியே நடந்தார், பிரிக்பீல்ட்ஸுக்கு. தொப்பி இல்லை. நான் தைத்து அனுப்பிய நீலக் கவசம் மட்டும்.

ஜாலான் துன் சம்பந்தனில் அன்றைக்குத்தான் முதல்முறை அவரோடு நடந்தேன். மல்லிகைச் சரம் கட்டுகிறவர், வெற்றிலைக் கடை, பலகாரக் கடையில் எண்ணெய் வாசனை, கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு. ஒரு வருடத்துக்கும் மேல் எந்தத் தெருவுக்குப் பயந்து நான்கு நிறுத்தம் தாண்டி ஓடினோமோ அந்தத் தெரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள், நாங்களும் பேசிக்கொண்டு போகிறோம். முழம் பூ எவ்வளவு என்று கேட்டார். அந்தக் கடைக்காரர் கேட்ட விலையைக் குறைக்கச் சொல்லி நான் சத்தம் போட்டேன். பூவை அவர் கையாலேயே வாங்கி என்னிடம் நீட்டினார். நடுத்தெருவில் கொண்டையில் சொருகிக்கொண்டேன்.

அப்புறம் ஒட்டுக்கடையில் நின்று, "அண்ணே, ரெண்டு தே தாரிக், ஒண்ணு சீனி கம்மி" என்றார். பக்கத்தில் வடை வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பினார். என் அம்மா வயதிருக்கும். கண்ணைச் சுருக்கி மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீங்கதானே?"

"ஆமாம்மா."

"இது யாரு?"

எனக்குக் கால் நகர்ந்துவிட்டது. பழக்கம். நாலடி தள்ளி நிற்பதற்கு உடம்பு தானாகவே கிளம்பியது. அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"நான் கட்டிக்கப் போற பொண்ணும்மா. நிபோங் திபால்."

சத்தமாகத்தான் சொன்னார். வடை போடுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்றார். அப்புறம் அவரிடம், "தம்பி, மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். படம் எடுக்கக் கேட்கவில்லை.

2021 ஜனவரியில் மறுபடியும் எல்லை மூடியது. ஒன்பது மாதம். அவர் அங்கே, நான் இங்கே. பழைய நாடகங்களைத் திரும்பப் போட்டார்கள். ஒன்பது மணிக்கு அம்மா பக்கத்தில் நானும் உட்காருவேன். திரையில் அவர் வேறொரு பெண்ணின் கண்ணீரைத் துடைப்பார். ஒருநாள் அம்மா என் பக்கம் திரும்பாமலே, "போன்ல பேசறப்ப இவன் குரலு இன்னும் கொஞ்சம் கட்டையா இருக்கு" என்றார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, திங்கட்கிழமை, இரண்டு ஊசியும் போட்டவர்கள் மாநில எல்லை தாண்டலாம் என்று திறந்துவிட்டார்கள். நெடுஞ்சாலை முழுக்க வருடக்கணக்கில் பெற்றவர்களைப் பார்க்காதவர்களின் கார்கள். அவர் ஜாவி டோலில் இறங்கும்போது இரவு எட்டரை. அம்மா புக்கிட் தம்பூன் நண்டு வாங்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து வைத்திருந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றி, கவசத்தைக் கழற்றி, அம்மா காலைத் தொட்டார். அம்மா அவரை உட்கார வைத்து, இலை போட்டு, சோறு வைத்த பிறகுதான் கேட்டார்.

"நடிக்கிறவன் வீட்டுலயும் நடிப்பானே தம்பி. எங்க பொண்ணு எப்படிக் கண்டுபிடிப்பா?"

அவர் நண்டுக் காலைக் கையில் பிடித்தபடி யோசித்தார். இந்த மாதிரி இடத்தில் நாடகத்தில் அவருக்கு நல்ல வசனம் இருந்திருக்கும். "தெரியலம்மா" என்றார். அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

2022-இல் பதிவுத் திருமணத்துக்கு மனு கொடுக்கப் போனோம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிப்பு 21 நாள் ஒட்டியிருக்க வேண்டும். கவுண்டரில் தலையில் இளஞ்சிவப்புத் தூடோங் போட்ட ஒரு மலாய் அதிகாரி, எங்கள் வயதுதான். பாரத்தைப் பார்த்துக்கொண்டே அவரிடம் தொழில் என்ன என்று கேட்டார். கம்போங் பாரு நினைவுக்கு வந்தது. கம்பெனி என்று சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"பெலாகோன்," என்றார். நடிகர்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். எந்த நாடகம் என்று கேட்டார். தமிழ் நாடகம் என்றார் இவர். ஓ என்று தலையாட்டிவிட்டு விசைப்பலகையில் தட்டினார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"துகாங் ஜாஹிட்," என்றேன். தையல்காரி.

தட்டுவதை நிறுத்திவிட்டார். பாஜு குரோங் தைப்பீர்களா என்று கேட்டார். தைப்பேன் என்றேன். துலாங் பெலுட் கையால் போடுவீர்களா, மெஷினிலா என்றார். கையால்தான் என்றேன். கூலி எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், சாத்தின் துணி வழுக்குமே அதை எப்படி வெட்டுவீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். இவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, என் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அந்தப் பெண் ஒரு காகிதத் துண்டில் தன் எண்ணை எழுதி, பாரத்தின் நகலோடு சேர்த்து என்னிடம் நீட்டினார்.

அந்த ராயாவுக்கு அந்த அதிகாரிக்கு மூன்று பாஜு குரோங் தைத்துக் கொடுத்தேன்.